வாருகிறவருக்கு ஒரு கூலி, சுமக்கிறவருக்கு ஒரு கூலி

ஆறுமுகநேரியிலிருந்து காயல்பட்டினம் வருகிற பக்கமெல்லாம் உப்பளம். வேலை இருட்டோடு தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பாத்தியைப் பார்க்க முடியாது, கண் கூசும். பலகையால் உப்பை வாரி ஒதுக்குவது பெரும்பாலும் ஆண்கள். அதைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, வழுக்கும் வரப்பில் நடந்து அம்பாரத்தில் கொட்டுவது பெண்கள். ஈர உப்பின் தண்ணீர் கழுத்து வழியே வடிந்துகொண்டே இருக்கும். பித்தவெடிப்பில் அந்தத் தண்ணீர் பட்டால் எப்படி எரியும் என்று பட்டவருக்குத்தான் தெரியும். ஆனாலும் கூலி பெண்ணுக்குக் குறைவு. ஏன் என்றால், "அது வேற வேலை, இது வேற வேலை" என்பார்கள்.

சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டம் ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும்தான் சம கூலி கேட்டது. வேலையையே ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்துவிட்டால் சட்டத்துக்குப் பிடி கிடைப்பதில்லை. கட்டட வேலையிலும் பெண் காலமெல்லாம் சித்தாள்தான். கரணையைக் கையில் கொடுத்தால்தானே கொத்தனார் கூலி கேட்பாள்?

பம்பாயில் மெக்கினன் மெக்கன்சி கம்பெனியும் இதையே சொல்லிப் பார்த்தது: பெண் ஸ்டெனோக்கள் அதிகாரிகளுக்குத் தனியே வேலை பார்ப்பவர்கள், ஆண் ஸ்டெனோக்களின் வேலை வேறு என்று. ஆட்ரி டி'கோஸ்டா தொடுத்த அந்த வழக்கில், 1987-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஆனால் அங்கே இரண்டு பேரும் தட்டியது ஒரே மாதிரி டைப்ரைட்டர். பலகையையும் கூடையையும் எந்தத் தராசில் வைப்பது?

காயல்பட்டினத்துக்குள் கதை வேறு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார், வீடு மகளுக்கு. ஆண்கள் கொழும்பு, ஹாங்காங் என்று வியாபாரத்துக்குப் போனார்கள். வீடு பெண்ணிடம், சம்பாத்தியம் ஆணிடம். பாதுகாப்பான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் குடியிருக்கும் வீடு மாதச் சம்பளம் தராது. அளத்தில் சுமக்கிறவருக்கு இந்த ஏற்பாடும் இல்லை.

2023-ல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், இன்றைய அமெரிக்காவில் ஊதிய வித்தியாசத்தின் பெரும்பகுதி ஒரே தொழிலுக்குள்ளேயே, குழந்தை பிறந்த பிறகு வருகிறது என்று காட்டினார். நம் அளங்கள் அந்தக் கட்டத்துக்கே இன்னும் வரவில்லை.

பழைய சட்டத்தின் இடத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இரண்டும் ஒத்த வேலையா என்று தகராறு வந்தால், அரசு நியமிக்கும் அதிகாரி தீர்ப்பார். மனு கொடுக்க வேண்டியவர் தினக்கூலி. மறுநாள் அவரை வேலைக்குக் கூப்பிடாமல் விடுவதற்கு எந்த அதிகாரியின் உத்தரவும் தேவையில்லை.