மழைக்குப் பின் நடப்பவர்கள்

உழுது போட்ட வயலில் நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு போய்ப் பாருங்கள். கட்டிகளின் மேல்மண் கரைந்து, உள்ளே கிடந்த பானை ஓடு கழுவி வைத்ததுபோல் வெளியே தெரியும். இங்கிலாந்தின் தொல்லியலாளர்கள் இதற்காகவே இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் காத்திருக்கிறார்கள். வீடுகளோ சாலையோ வரப்போகும் விளைநிலத்தில் என்ன புதைந்திருக்கலாம் என்று கணிக்க அவர்களிடம் இருக்கும் மிக எளிய வழி, அந்த வயலில் நடப்பதுதான்.

1989இல் லண்டனில், தேம்ஸின் தென்கரையில் அலுவலகக் கட்டடம் எழும்ப இருந்த இடத்தில், ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டது. அதைக் காப்பாற்றக் கலைஞர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். மறு ஆண்டு, 1990 நவம்பரில், அரசு ஒரு திட்டமிடல் வழிகாட்டியை வெளியிட்டது. அதன்பின், தொல்பொருள் இருக்கலாம் என்று தோன்றும் இடத்தில் கட்டட அனுமதியைத் தீர்மானிக்கும் முன்பே, கட்டுகிறவரின் செலவில் கள ஆய்வு நடத்துவது வழக்கமாயிற்று.

இடம் விளைநிலமானால், அந்த ஆய்வில் வயலுக்குக் குறுக்கே 10 அல்லது 20 மீட்டர் இடைவெளியில் கோடுகள் போடுவார்கள். கோட்டுக்கு ஒருவர், குனிந்த தலை நிமிராமல் மெல்ல நடப்பார். சிக்கிமுக்கிக் கல்லின் செதில், பானை ஓடு, கூரை ஓடு, இரும்புக் கசடு என்று கண்ணில் படுவதைப் பொறுக்கி, எந்தத் துண்டு நிலத்தில் கிடைத்ததோ அதன் எண்ணிட்ட பையில் போடுவார். எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்தால், எங்கே நெருக்கம், எங்கே வெறுமை என்று தெரிந்துவிடும்.

எண்ணுவது எளிது. அந்த எண்ணிக்கைக்குப் பொருள் சொல்லும்போதுதான் சிக்கல். ஒரு வயலில் இடைக்காலப் பானை ஓடுகள் பரவலாகக் கிடந்தால் அங்கே ஊர் இருந்ததாகச் சொல்லிவிட முடியாது. வீட்டில் உடைந்த சட்டி குப்பைமேட்டுக்குப் போகும். குப்பை எருவாகி வண்டியேறி வயலுக்கு வரும். நம் ஊர் எருக்குழியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆக, சீராக மெலிதாகச் சிதறிய ஓடுகள் உழவனின் எருவைக் காட்டுகின்றன. ஒரே இடத்தில் கூரை ஓடும் கட்டுமானக் கல்லும் சேர்ந்து குவிந்தால்தான் வீடு நின்ற இடமோ என்று சந்தேகிக்கலாம். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது இந்த வேறுபாடுதான். ஊரை மட்டும் தேடி வந்தவர்களுக்கு, அந்த ஊர் எவ்வளவு தூரம் வரை பயிரிட்டது என்பதும் கூடவே கிடைத்துவிடுகிறது.

ஒன்றும் கிடைக்காத வயலை நம்பிவிடவும் கூடாது. நன்கு சுடாத பழம்பானை உறைபனியில் நொறுங்கிப் பொடியாகும். சிக்கிமுக்கிக் கல் தங்கும். ஆற்று வண்டல் மூடிய நிலத்தில் கலப்பை பழைய தளத்தைத் தொடுவதே இல்லை. புல்வெளியிலோ நடந்தும் பயனில்லை. அதனால்தான் நடந்து முடிந்த பிறகும் மண்ணின் காந்தத் தன்மையை அளக்கிறார்கள், சோதனை அகழிகள் வெட்டுகிறார்கள்.

நம்மிடமும் இந்த நடை உண்டு. 2013-14இல் இந்தியத் தொல்லியல் துறை வைகைக் கரை நெடுகிலும் நடத்திய ஆய்வு, 293 இடங்களைப் பட்டியலிட்டது. அதில் ஒன்று, தென்னந்தோப்பாக இருந்த கீழடி மேடு.