தலைப்பிரட்டைக்கு ஒரு குழி

சம்பா வயலில் மழைத் தண்ணீர் தேங்கியதும் தவளைகள் முட்டையிடும். பொரித்து வரும் தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்துக் கரையேறச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டும்போது வயல் வறண்டு, கூட்டம் கூட்டமாகச் செத்துவிடுகின்றன.

அதற்காக அந்த முறையைக் கைவிட வேண்டாம். வயலின் தாழ்வான மூலையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். வடியும் தண்ணீரோடு அங்கே வந்து ஒதுங்கிக்கொள்ளும். ஒரு பக்கம் சரிவாக இருக்கட்டும். செங்குத்தான கரையில் குட்டித் தவளை ஏற முடியாமல் செத்துப்போகும். விரால் புகுந்தால் பிடித்துவிடுங்கள், ஒன்றே போதும், குழி காலி! களைக்கொல்லி, பூச்சிமருந்து அடிக்கும் வயலில் குழி வெட்டுவது வீண்வேலை.

தவளைக்கால் ஏற்றுமதியை மத்திய அரசு 1987-ல் தடை செய்தது. புகையானையும் இலைச்சுருட்டுப் புழுவின் தாய் அந்துப்பூச்சியையும் சம்பளமில்லாமல் பிடித்துத் தின்பவை இந்தத் தவளைகள்தானே.