'சுமார் 1880, ஷெஃபீல்டு': பழைய பேனாக்கத்தி வாங்கும் முன்

போன மாசம் ஆர்.எஸ்.புரம் வீட்டுக்கு ஒரு சின்ன பார்சல் வந்தது. உள்ளே ரெண்டு அலகு உள்ள பேனாக்கத்தி. ஆன்லைனில் விற்றவர் கொடுத்திருந்த விவரம்: 'விக்டோரியா ராணி காலம், ஷெஃபீல்டு, சுமார் 1880.' விலை நாலாயிரத்துச் சொச்சம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பெரிய அலகின் அடியில் 'ஷெஃபீல்டு' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதற்குக் கீழே தேய்ந்துபோய் இன்னொரு வார்த்தை: 'ஸ்டெயின்லெஸ்'.

அவ்வளவுதான், கதை முடிந்தது. ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் துருப்பிடிக்காத எஃகை வார்த்தது 1913ல். விக்டோரியா ராணி இறந்தது 1901ல். அந்த வார்த்தை விற்றவர் போட்ட மூணாவது படத்திலேயே இருந்தது. பெரிதாக்கிப் பார்க்காதது என் தப்பு.

அதற்கப்புறம்தான் இதை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். புரிந்துகொண்டது இதுதான்: ஒரு கத்தி எந்த ஊரில், எப்போது செய்யப்பட்டது என்பதை நிரூபிக்க ஒரே ஒரு அடையாளம் போதாது. ஆனால், சொல்லப்படும் கதை பொய் என்று காட்ட ஒரே ஒரு அடையாளம் போதும். சாஃப்ட்வேர்காரர்களுக்கு இது பழக்கமான விஷயம். 2015ல் வெளியான லைப்ரரியை ஒரு புரோகிராம் கூப்பிடுகிறது என்றால், அது 2010ல் எழுதினதாக இருக்க முடியாது.

கத்தியால் வந்த சட்டம்

'மேட் இன் ஜெர்மனி' என்ற வார்த்தைகளை இன்று தரத்துக்கு அடையாளமாகப் பார்க்கிறோம். ஆரம்பத்தில் அது ஒரு எச்சரிக்கை. ஷெஃபீல்டு கத்திக்காரர்களுக்கு 1624லேயே சட்டப்படி ஒரு சங்கம் உண்டு. ஒவ்வொரு பட்டறையும் தன் முத்திரையை அதில் பதிவு செய்யும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்திலிருந்து, ஷெஃபீல்டு பெயரையே குத்தின மலிவான கத்திகள் வருகின்றன என்று அவர்கள் புகார் சொன்னார்கள். இந்த மாதிரிப் புகார்களின் விளைவுதான் 1887ல் பிரிட்டன் கொண்டுவந்த வணிகக் குறிச் சட்டம். இந்தியாவிலும் 1889ல் அதே மாதிரி ஒரு சட்டம் வந்தது. பின்னாளில் சோலிங்கன் பெயருக்கே மவுசு கூடி, அதைக் காப்பாற்ற ஜெர்மனி 1938ல் தனிச் சட்டம் போட்டது!

ஊர் பெயருக்கு இருக்கும் மதிப்பு நமக்குப் புதுசில்லை. கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் புவிசார் குறியீடு வாங்கியது இதற்காகத்தானே.

எங்கே பார்க்கணும்

அலகு பிடிக்குள் நுழைகிற அடிப்பகுதியைக் கத்தி சேகரிப்பவர்கள் 'டேங்' என்பார்கள். முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அங்கே கவனிக்க வேண்டியவை:

1. நாட்டின் பெயர். அமெரிக்காவின் 1890ஆம் வருஷத்து மெக்கின்லி சட்டத்துக்குப் பிறகு, அங்கே இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்கணும். அதனால் 'இங்கிலாந்து' என்று குத்தின கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. அந்தப் பெயர் இல்லை என்பதால் மட்டும் பழையதாகிவிடாது. எல்லாக் கத்தியும் அமெரிக்காவுக்குப் போகவில்லை. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடையில்.

2. கம்பெனியின் பெயர். சுவிஸ் நிறுவனம் 'விக்டோரியா' என்ற பெயரை எடுத்தது 1909ல். 'விக்டோரினாக்ஸ்' ஆனது 1921ல். யாராவது '1910 விக்டோரினாக்ஸ்' என்று விற்றால் தாண்டிப் போய்விடலாம்.

3. புள்ளிகள். அமெரிக்காவின் கேஸ் கம்பெனி 1970ல் முத்திரையோடு பத்துப் புள்ளி வைத்தது. வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தது. எண்ணினால் வருஷம் கிடைக்கும்.

4. ஸ்க்ரூ. பிளஸ் தலை ஸ்க்ரூ பரவியது 1930களில். ஆறு முனை நட்சத்திரக் குழி உள்ள டார்க்ஸ் ஸ்க்ரூ 1967ல் வந்தது. பழைய கத்திகளில் பொதுவாக ஸ்க்ரூவே கிடையாது, ரிவிட்தான்.

காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். பிரயோஜனம் இல்லை. கத்திக்குப் பயன்படுத்தும் ஸ்டெயின்லெஸ் எஃகிலும் காந்தம் ஒட்டும். பழைய கார்பன் எஃகைக் கண்டுபிடிக்கப் புளிப்புதான் வழி. மாங்காய் நறுக்கினால் அலகு கறுக்கும்.

அப்புச்சியின் கத்தி

இதை எழுதும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. எங்க வீட்டிலும் ஒரு பேனாக்கத்தி இருக்கிறது. அப்புச்சி இடுப்பிலேயே வைத்திருந்தது. அவரோட அப்பாருக்கு 1900 வாக்கில் வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் தொரை கொடுத்தது என்பது குடும்பக் கதை. அம்மா அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பெருமையாகச் சொல்வது: "எத்தன மாங்கா நறுக்குனாலும் கறுக்காத கத்தி கண்ணு அது."

கறுக்காத கத்தி என்றால் 1900 இல்லை. எடுத்துப் பார்த்தேன். டேங்கில் பாதி எழுத்துதான் மிச்சம், ஆனால் 'இங்கிலாந்து' தெளிவாக இருக்கிறது. நிஜமான கத்திதான், வருஷம்தான் தப்பு. அனேகமாக அப்புச்சியே டவுனில் எங்கேயோ வாங்கியிருப்பார்.

அம்மாகிட்ட ரெண்டு நாள் கழித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தொரை குடுக்கலீனா போகுது. அப்புச்சி வாங்குனதுன்னா இன்னும் நல்லதுதான?" என்றார்.

சட்டம் தெரியாமல் வாங்காதீர்கள்

ஏமாந்தால் பணம்தான் போகும். பிடி எதனால் ஆனது என்று பார்க்காவிட்டால் கேஸ் வரும். பழைய ஷெஃபீல்டு கத்திகளில் யானைத் தந்தமும் மான்கொம்பும் சகஜம். நம்ம நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டத்தின் 1986, 1991 திருத்தங்களுக்குப் பிறகு இந்திய, ஆப்பிரிக்கத் தந்த வியாபாரம் இரண்டுக்கும் தடை. கடமானும் அதே சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு. 'பழைய பொருள்தானே' என்ற சமாதானம் எடுபடாது. மாட்டு எலும்பைச் செதுக்கிச் சாயமேற்றிய பிடிகளும் நிறைய உண்டு. விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் வேண்டாம். ஆயுத விதிகளில் வருகிற 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்ற வரம்பைப் பேனாக்கத்தி எட்டாது. பெரிய கத்திகளுக்குக் கவனம் தேவை.

பணம் அனுப்பும் முன் நான் இப்போது கேட்பவை: ஒவ்வொரு அலகின் டேங்கும் இரண்டு பக்கமும் கிட்டத்தில் எடுத்த படம், பிடியின் ரிவிட், முதுகு ஸ்பிரிங், பக்கத்தில் அன்றைய தேதி எழுதின ஒரு துண்டுச் சீட்டு. அந்தப் படங்களைக் கூகுளில் தேடினால் வேறு யாரோ எடுத்ததா என்றும் தெரிந்துவிடும். படம் தர மறுத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுகிறேன்.

நாலாயிரம் ரூபாய்க் கத்தி இப்போது சமையலறையில் இருக்கிறது. நல்லாவே வெட்டுகிறது. உங்க வீட்டிலும் தாத்தா காலத்துப் பேனாக்கத்தி இருந்தால், டேங்கில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். கதையை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.