பிள்ளை பிய்த்துப் போட்ட துக்பா

டார்ஜீலிங் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர் குடியிருப்பில் ஒரு வீடு. மாலை நேரம். குளிர் இறங்குகிறது. கொழுந்து பறித்துவிட்டு வந்த தாய் அடுப்பை மூட்டுகிறாள்.

அவளுடைய மகனுக்கு நான்கு வயது. காய்ச்சல் விட்டு ஒரு வாரம் ஆகிறது. ஆனாலும் அவன் சாப்பிட மறுக்கிறான். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தால் துப்புகிறான். பாட்டி கிண்ணத்தோடு பின்னாலேயே ஓடுகிறாள். "ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுகிறாள். பிறகு அதட்டுகிறாள். பையன் அழுகிறான். அவன் கேட்பது ஒன்றுதான். கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட் நூடுல்ஸ்.

அங்கன்வாடியில் அவனை எடை போட்டார்கள். போன மாதத்தைவிட எடை குறைந்திருந்தது. அதுதான் தாய்க்குக் கவலை.

இப்படி ஒரு பிள்ளை இல்லாத தெரு இந்தியாவில் இருக்காது. சில பிள்ளைகள் நோய்க்குப் பின் சாப்பிட மறுக்கும். சில பிள்ளைகள் எப்போதுமே அப்படித்தான். வெள்ளைச் சோறு மட்டும் தின்னும். காய் கண்ணில் பட்டால் ஒதுக்கிவிடும். கறியை மென்று மென்று கடைசியில் துப்பும்.

அன்று மாலை அந்தத் தாய் துக்பா செய்கிறாள். துக்பா என்பது கறிச்சாறில் வேகும் நூடுல்ஸ். திபெத்திய மக்களின் உணவு இது. லடாக், சிக்கிம், டார்ஜீலிங், அருணாச்சலப் பிரதேசம் ஆகிய இடங்களில் இது அன்றாடச் சாப்பாடு. 1959-க்குப் பின் திபெத்திலிருந்து பலர் அகதிகளாக இந்தியாவுக்கு வந்தார்கள். அவர்கள் குடியேறிய ஊர்களிலும் துக்பா கிடைக்கும். கர்நாடகத்தில் மைசூருக்கு மேற்கே பைலக்குப்பே என்று ஓர் ஊர் உண்டு. அங்கேயும் கிடைக்கும்.

துக்பாவில் பல வகை உண்டு. வீட்டில் செய்ய மிக எளிதானது தென்துக். 'தென்' என்றால் இழுப்பது. மாவைக் கையால் இழுத்துப் பிய்த்து, கொதிக்கும் சாறில் போடுவதால் அந்தப் பெயர். இதற்குக் கடை நூடுல்ஸ் வேண்டாம். பிழியும் அச்சும் வேண்டாம். சப்பாத்திக்குப் பிசைகிற மாவே போதும்.

நான்கு பேருக்குச் செய்ய எலும்போடு கூடிய கோழிக்கறி அரைக் கிலோ வேண்டும். கோதுமை மாவு கால் கிலோ வேண்டும். ஒரு வெங்காயம், ஐந்தாறு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, பத்து மிளகு எடுத்துக்கொள்ள வேண்டும். காரட், முள்ளங்கி, கீரை ஆகியவற்றில் கிடைத்ததைச் சேர்க்கலாம்.

முதலில் கறியைக் கழுவுவது பற்றி ஒரு சொல். பச்சைக் கோழியில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம். குழாய்க்கு நேரே பிடித்துக் கழுவினால் தண்ணீர் நாலாபக்கமும் தெறிக்கும். கிருமியும் கூடவே பரவும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து மெதுவாக அலசுவது மேல். கறி வெட்டிய கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். அதன் பிறகுதான் காயை வெட்டவேண்டும். கைக்கும் சோப்பு வேண்டும்.

கறியை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைக்கவேண்டும். கொதி வரும்போது மேலே நுரை திரளும். அதைக் கரண்டியால் எடுத்துவிட்டால் சாறு தெளிவாக இருக்கும். பிறகு வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகு போட்டு மூடி, தீயைக் குறைக்கவேண்டும். பண்ணைக் கோழி அரை மணி நேரத்துக்கு மேல் வெந்தால் போதும். நாட்டுக்கோழிக்கு ஒரு மணி நேரம் கூட ஆகும். கறி எலும்பை விட்டுக் கழன்று வரவேண்டும். உள்ளே சிவப்பு தெரியக்கூடாது.

உயரமான மலை ஊர்களில் இன்னும் அதிக நேரம் பிடிக்கும். லடாக்கின் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 டிகிரி வரை சூடாவதில்லை. 90 டிகிரிக்கும் குறைவான சூட்டிலேயே கொதித்துவிடும். அதனால் கறியும் பருப்பும் வேகத் தாமதமாகும். அங்கே பிரஷர் குக்கர் பெரிய உதவி.

கறி வேகும் நேரத்தில் மாவைப் பிசையலாம். ஒரு சிட்டிகை உப்பு போதும். அரை டம்ளருக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் பிடிக்கும். நன்றாக அடித்துப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் வைக்கவேண்டும். ஊறிய மாவுதான் அறுந்து போகாமல் இழுபடும்.

கறி வெந்ததும் அதை வெளியே எடுத்து ஆறவிடவேண்டும். எலும்பை நீக்கி, சதையை நார் நாராகப் பிய்க்கவேண்டும். இந்த வேலையில் அவசரம் கூடாது. கோழியில் ஊசி போன்ற சிறு எலும்புகள் உண்டு. பிள்ளையின் தொண்டையில் சிக்கினால் ஆபத்து. விரலால் தடவிப் பார்த்துப் பார்த்துப் பிய்க்கவேண்டும்.

இந்த இடத்தில்தான் அந்த வீட்டில் ஒரு வாக்குவாதம் வந்தது.

"பிள்ளைக்குச் சாறு மட்டும் கொடு. சத்தெல்லாம் அதில் இறங்கிவிட்டது. சக்கையை நாம் தின்னலாம்" என்றாள் பாட்டி.

பாட்டி அன்போடுதான் சொன்னாள். பல வீடுகளில் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அது சரியல்ல. சாறில் ருசி இறங்குகிறது. மணம் இறங்குகிறது. கொஞ்சம் கொழுப்பும் உப்பும் இறங்குகின்றன. சூடான சாறு தொண்டைக்கு இதமாக இருக்கும். பசியையும் தூண்டும். ஆனால் உடம்பை வளர்ப்பது புரதச்சத்து. அதில் பெரும்பகுதி சதையிலேயே தங்கிவிடுகிறது. 100 கிராம் கோழிச்சதையில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. சாறைப் பிள்ளைக்கும் சதையைப் பெரியவர்களுக்கும் கொடுத்தால், பிள்ளையின் வயிறு தண்ணீரால் நிரம்பும். எடை ஏறாது. எனவே சாறு, சதை, மாவு மூன்றும் பிள்ளையின் கிண்ணத்தில் விழவேண்டும்.

கறியை மெல்ல முடியாமல் துப்பும் பிள்ளைக்கு நார் நாராகப் பிய்த்த சதை எளிது. அதையும் ஒதுக்கினால் இன்னும் பொடியாக நறுக்கலாம். தொடைக்கறி மிருதுவாக இருக்கும். நெஞ்சுக்கறியைவிட அதில் இரும்புச்சத்தும் கூடுதல்.

இப்போது சாறை மறுபடி கொதிக்கவிட்டு, பொடியாக நறுக்கிய காயைப் போடவேண்டும். மாவைக் கயிறு போல் உருட்டி, விரலால் தட்டையாக்கி, கட்டைவிரல் நகம் அளவுக்குப் பிய்க்கவேண்டும். துண்டுகளை ஒவ்வொன்றாகச் சாறில் போடவேண்டும். துண்டுகள் மேலே மிதந்து வந்த பிறகு, மேலும் இரண்டு மூன்று நிமிடம் வேகட்டும். கடைசியில் பிய்த்த சதையையும் கீரையையும் போட்டு ஒரு கொதி விட்டு இறக்கலாம். உப்பைக் கடைசியில் பார்த்துப் போட்டால் போதும். சூடு சற்றுத் தணிந்ததும் எலுமிச்சை பிழியலாம். கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும்.

தாய் மாவைப் பிய்ப்பதைப் பையன் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு" என்று கை நீட்டினான். தாய் அவன் கையைக் கழுவி, ஒரு துண்டு மாவைக் கொடுத்தாள். அடுப்பிலிருந்து தள்ளி உட்காரவைத்தாள். அவன் பிய்த்துத் தட்டில் வைத்தான். ஒன்று காது போல இருந்தது. ஒன்று தவளை போல இருந்தது. தாய் அவற்றை எடுத்துச் சாறில் போட்டாள்.

சமையலில் பங்கெடுக்கும் பிள்ளை அந்த உணவை ருசி பார்க்கத் துணிகிறது. எல்லாப் பிள்ளையும் அன்றே சாப்பிட்டுவிடும் என்று சொல்ல முடியாது. ஒரு புதிய உணவு பழக, பத்துப் பதினைந்து தடவை கூடக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டு தடவை மறுத்ததும், "இவனுக்கு இது பிடிக்காது" என்று விட்டுவிடக்கூடாது. அதே சமயம் வாயைத் திறந்து திணிக்கவும் கூடாது. திணித்தால் சாப்பாட்டு நேரம் என்றாலே பிள்ளைக்குப் பயம் வரும். என்ன உணவு, எந்த நேரம் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யலாம். எவ்வளவு என்பதைப் பிள்ளையின் வயிறு முடிவு செய்யட்டும். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சமாகக் கொடுத்து, கேட்டால் மறுபடி ஊற்றலாம்.

சாப்பாட்டுக்குச் சற்று முன் பிஸ்கட்டும் டீயும் கொடுத்தால் பசி செத்துப்போகும். தேயிலைத் தோட்ட வீடுகளில் பிள்ளைகளுக்கும் டீ கொடுப்பது வழக்கம். டீ இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். சிறு பிள்ளைக்கு அது வேண்டாம்.

சரி, பாக்கெட் நூடுல்ஸ் என்ன பாவம் செய்தது? அதுவும் மாவுதானே? மாவுதான். ஆனால் பெரும்பாலும் எண்ணெயில் பொரித்த மாவு. அதோடு வரும் மசாலாவில் உப்பு அதிகம். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பார்க்கலாம். அங்கே 'சோடியம்' என்று ஓர் அளவு இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பள்ளி செல்லும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். அந்த அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 1,000 மில்லிகிராம் சோடியம் என்றால் இரண்டரை கிராம் உப்பு. பெரியவருக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைக்கு அதைவிடக் குறைவாகத்தான் வேண்டும். என்றைக்காவது பிள்ளை கேட்டு அழுதால், மசாலாவில் பாதியைப் போட்டு, கோழிச்சதையோ முட்டையோ காயோ சேர்த்துக் கொடுக்கலாம்.

கறி வாங்க முடியாத நாளில் இதே துக்பாவில் முட்டையை உடைத்து ஊற்றலாம். வேகவைத்த பருப்பையும் சேர்க்கலாம். மிஞ்சிய துக்பாவை வெளியே வெகு நேரம் வைக்கக்கூடாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் செய்வது நல்லது.

எல்லாவற்றுக்கும் சூப்பு மருந்தாகிவிடாது. வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைத்தான் கரைத்துக் கொடுக்கவேண்டும். கோழிச்சாறு அதற்கு ஈடல்ல. இரண்டு மாதம் தொடர்ந்து எடை ஏறாவிட்டாலோ, பிள்ளை சோர்ந்தே கிடந்தாலோ, காலில் வீக்கம் கண்டாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டவேண்டும்.

அன்று இரவு பையன் கிண்ணத்தில் தவளையைத் தேடினான். கிடைத்ததும் தின்றான். காதையும் தின்றான். அதோடு ஒட்டியிருந்த கறியும் உள்ளே போயிற்று. காரட்டை எடுத்து ஓரத்தில் வைத்தான். பாட்டி வாயைத் திறந்தாள். தாய் கண்ணால் வேண்டாம் என்றாள். பாட்டி பேசாமல் தன் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள்.