சில்வண்டின் சிறகில் கிழிபடும் கிருமிகள்

கிருமியை எப்படிக் கொல்வது என்று கேட்டால், சோப்பு, கொதிநீர், மருந்து என்று அடுக்கிவிடுவீர்கள். மருந்தே இல்லாமல், வெறும் இழுவிசையால் கொல்ல முடியுமா? முடியும். மாலை நேரத்தில் மரங்களிலிருந்து காதைத் துளைக்கும்படி கத்துகிறதே சில்வண்டு, அதன் சிறகு அதைத்தான் செய்கிறது.

ஆஸ்திரேலியாவின் சுவின்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் இதை வெளியிட்டார்கள். அந்நாட்டுச் சில்வண்டு ஒன்றின் சிறகை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, வரிசை வரிசையாகக் குட்டித் தூண்கள் தெரிந்தன. ஒவ்வொரு தூணும் சுமார் 200 நானோமீட்டர் உயரம். நுனி சுமார் 60 நானோமீட்டர் அகலம். உங்கள் தலைமுடி ஒன்றின் குறுக்கே இப்படிப்பட்ட ஆயிரம் நுனிகளை வைக்கலாம்!

மருத்துவமனை நோயாளிகளைத் தாக்கும் 'சூடோமோனாஸ் ஏருஜினோசா' என்ற பாக்டீரியா அந்தச் சிறகில் ஒட்டியது. சில நிமிடங்களிலேயே இறந்தது.

நஞ்சா, தூண்களா?

சிறகில் நச்சுப்பொருள் ஏதும் இருக்குமோ? அதைச் சோதிக்க, சிறகின்மேல் மிக மெல்லிய தங்கப் பூச்சு பூசினார்கள். இப்போது சிறகிலுள்ள வேதிப்பொருள் கிருமியைத் தொட முடியாது. தூண்களின் வடிவம் மட்டும் அப்படியே இருக்கும். அப்போதும் பாக்டீரியாக்கள் இறந்தன. ஆக, கொன்றது வடிவம்தான்.

தூண்கள் ஊசிபோலக் குத்துவதாக நினைக்காதீர்கள். ரொட்டி சானாய் மாவை வீசி விரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அளவுக்குமீறி இழுத்தால் மாவு நடுவில் கிழிந்துவிடும் அல்லவா? பாக்டீரியா தூண்களின்மேல் படியும்போது, இரு தூண்களுக்கு இடையே தொங்கும் அதன் உறை இழுபடுகிறது. தாங்க முடியாதபோது கிழிகிறது. உயிரணு சரிந்து விழுகிறது.

தடித்த சுவர் தப்பிக்கும்

எல்லாக் கிருமிகளும் இப்படிச் சாவதில்லை. 'ஸ்டைஃபிலோகாக்கஸ் ஆரியஸ்' போன்றவற்றின் உயிரணுச் சுவர் தடிமனானது, எளிதில் இழுபடாது. அத்தகைய தடித்த சுவர்க் கிருமிகளை நுண்ணலைக் கதிரால் இளக வைத்தபோது, அவையும் சிறகில் இறந்தன. உயிர் பிழைப்பதைத் தீர்மானித்தது சுவரின் விறைப்புதான் என்பது இதிலிருந்து தெரிந்தது. 2013இல் அதே குழுவினர், தட்டான் சிறகும் அதைப்போன்ற முட்கள் கொண்ட கருஞ்சிலிக்கனும் தடித்த சுவர்க் கிருமிகளையும் கொல்வதைக் கண்டார்கள்.

இதனால் நமக்கு என்ன பயன்? உடலுக்குள் பொருத்தும் செயற்கை மூட்டில் கிருமி குடியேறினால், மருந்தால் விரட்டுவது கடினம். பல கிருமிகள் மருந்துகளையே எதிர்த்து நிற்கப் பழகிவிட்டன. எனவே, டைட்டானியத்தின் மேற்பரப்பில் இத்தகைய நுண்முட்களை உருவாக்க ஆய்வுகள் நடக்கின்றன. ஒரு சிக்கலும் உண்டு: இறந்த கிருமிகளே தூண்களை மூடிவிட்டால், அடுத்து வருபவை அவற்றின்மேல் பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும்.

அந்தக் குப்பையை எப்படி அகற்றலாம்? நீங்கள் யோசித்து, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் பேசிப் பாருங்கள்.