மலையில் தெரியாத ஆட்டம்

கேத்தி பாலாடாவில் கழுவிய கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இருட்டோடு கிளம்பும் பிக்கப் வண்டி, குன்னூர், காட்டேரி, பர்லியாறு வழியாகக் கல்லாறு வந்து சேரும்வரை ஒரு குறையும் காட்டாது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரிலும் மூன்றாவது கியரிலும் அமைதியாக இறங்கிவிடும். மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டைகளை இறக்கியபின் ஈரோட்டுக்கு ஒரு லோடு கிடைக்கிறது. அவிநாசி தாண்டி, சேலம் போகும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வண்டி 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது. எதிரே ஒரு பாலம். அதன் இணைப்பில் இடது முன்சக்கரம் ஏறி இறங்கியதும், ஸ்டீயரிங் ஓட்டுநரின் கையை உதறிக்கொண்டு இடமும் வலமுமாக வெட்டத் தொடங்குகிறது. டேஷ்போர்டு தடதடக்கிறது. பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ்கூடத் தெரியவில்லை. வேகம் நன்றாகக் குறையும் வரை அந்த உதறல் நிற்பதில்லை.

ஒர்க் ஷாப்பில் இதற்கு ஒரே சொல்தான்: வாப்ளிங். “வாப்ளிங் எடுக்குதுண்ணே” என்று சொன்னால், ஊட்டியிலும் சரி, மேட்டுப்பாளையத்திலும் சரி, மெக்கானிக் முதலில் முன்சக்கரத்தின் பக்கம்தான் குனிவார். ஆனால் பல நேரம் வீல் பேலன்ஸ் பார்த்து, அலைன்மெண்ட் சரிசெய்து அனுப்பிவிடுவதோடு கதை முடிந்துவிடுகிறது. நான்கு நாள் கழித்து அதே பாலம், அதே ஆட்டம். ஓட்டுநர் வேகமாக ஓட்டினார் என்று பழி அவர் தலையில் விழுகிறது. அது நியாயமில்லை. சமவெளியில் வெளிப்படும் இந்த ஆட்டத்தின் வேர் பெரும்பாலும் மலைப்பாதையிலும் தோட்டத்துச் சாலையிலும் மாதக்கணக்கில் சேர்ந்த தேய்மானத்தில் இருக்கிறது.

இரண்டு ஆட்டங்கள்

ஸ்டீயரிங் அதிர்வு எல்லாம் ஒன்றல்ல. முதலாவது, குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தலைகாட்டும் நடுக்கம். 65இல் தொடங்கும், 80 தாண்டினால் குறையும். சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் சமமாக இல்லாததே இதற்குக் காரணம். ரிம்மில் ஒட்டியிருந்த ஈயக்கட்டி விழுந்திருக்கலாம், டயர் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கலாம். நீலகிரியில் இன்னொரு காரணமும் உண்டு: தோட்டத்துச் சேறு ரிம்மின் உட்பக்கம் அப்பிக் காய்ந்து போயிருக்கும்.

இந்த நடுக்கம் மலையில் ஏன் தெரிவதில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 15 அங்குல ரிம்மின் ஓரத்தில் 50 கிராம் சேறு ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் அது அச்சை இழுக்கும் விசை ஏறக்குறைய அரைக் கிலோ எடைக்குச் சமம். 70இல் அதே 50 கிராம் மூன்று கிலோ எடையின் விசையோடு, வினாடிக்கு ஏறத்தாழ ஒன்பது முறை இழுக்கிறது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். கொண்டை ஊசி வளைவுகளில் யாரும் 70இல் போவதில்லை. அதனால் மலை இந்தக் குறையை மறைத்துவிடுகிறது.

இரண்டாவதுதான் ஆபத்தானது. பள்ளமோ, பாலத்து இணைப்போ, ரயில்வே தண்டவாளமோ ஒரு தட்டுத் தட்டினால் போதும். அதன்பின் வெளியிலிருந்து எதுவும் தூண்ட வேண்டியதில்லை. சாலை வழுவழுவென்று இருந்தாலும் ஆட்டம் தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு போகும். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் இடமும் வலமுமாக உதறும்.

குச்சியால் ஓட்டிய டயர்

தெருவில் பழைய டயரைக் குச்சியால் தட்டி ஓட்டிய எவருக்கும் இதன் சூட்சுமம் பாதி தெரிந்ததுதான். உருண்டு போகும் டயர் வலப்பக்கம் சாய்ந்தால், யாரும் திருப்பாமலே வலப்பக்கம் திரும்பும். வேகமாகச் சுழலும் எந்தச் சக்கரத்துக்கும் இந்தக் குணம் உண்டு. சுழலும்போது அதைச் சாய்த்தால் திரும்பும், திருப்பினால் சாயப் பார்க்கும்.

டாடா ஏஸ் போன்ற சிறு சரக்கு வண்டிகளிலும், பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வைத்த முன்பக்கம் கொண்ட பிக்கப்களிலும், எஸ்டேட்டுகளில் பல்லாண்டு உழைத்த பழைய மஹிந்திரா ஜீப்புகளிலும், 1985இல் வந்த மாருதி ஜிப்ஸியிலும் முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே நீள இரும்பு அச்சு இணைக்கிறது. இடது சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சு முழுவதும் வலப்பக்கம் சாய்கிறது. சக்கரங்கள் இரண்டும் சாய்கின்றன. சாய்ந்த சக்கரம் திரும்பப் பார்க்கிறது. திரும்பும் சக்கரம் அச்சை மறுபக்கம் சாய்க்கிறது. சாய்வு திருப்பத்தையும் திருப்பம் சாய்வையும் ஊட்டி வளர்க்கின்றன. ஊஞ்சலை அது திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் ஒவ்வொரு முறையும் உயரம் கூடுவது போலத்தான்.

சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின், ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டான டை ராட் எண்ட், பட்டை புஷ் எல்லாம் இறுக்கமாக இருந்தால் இந்தச் சங்கிலி இரண்டு உதறலில் அடங்கிவிடும். மூட்டுகளில் தளர்வு, அதாவது ‘பிளே’, விழுந்திருந்தால் சக்கரம் ஸ்டீயரிங்கைக் கேட்காமலே சிறிது தூரம் ஆட இடம் கிடைத்துவிடுகிறது. அந்தச் சிறு இடைவெளியில்தான் ஆட்டம் குடியேறுகிறது.

மலை தேய்ப்பது எதை?

மலைச் சாலையில் வேகம் குறைவு, வேலை அதிகம். ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டிப் பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீயரிங் ஏறக்குறைய கடைசிவரை ஒடிக்கப்படுகிறது. இறக்கத்தில் வண்டியின் பாரம் முன் அச்சில் சாய்ந்திருக்கும் நேரத்தில், கிங் பின்னும் டை ராட் எண்டும் தங்கள் முழு வீச்சுக்கும் சுழல வேண்டியிருக்கிறது. சமவெளியில் நேராக ஓடும் வண்டியின் மூட்டுகள் ஒரு நாளில் காணாத வேலையை மலை வண்டி ஒரே இறக்கத்தில் செய்துவிடுகிறது.

அடுத்து மழை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நீலகிரியை நனைக்கின்றன. தேயிலைக் கொழுந்து ஏற்றப் போகும் வண்டி கல்லும் சேறுமான தோட்டத்துப் பாதையில் இறங்கி ஏறுகிறது. டை ராட் எண்டின் ரப்பர் உறை கிழிந்தால் உள்ளே மண் புகுந்து அரைக்கும் தூளாக வேலை செய்கிறது. வாரம் ஒருமுறை வாட்டர் சர்வீஸ் விடுவது நல்லதுதான். ஆனால் பீய்ச்சும் தண்ணீர் சேற்றோடு கிரீஸையும் அடித்துக்கொண்டு போகிறது. கழுவிய கையோடு கிரீஸ் அடிக்காத வண்டி, அழுக்கு வண்டியைவிட வேகமாகத் தேயும்.

மூன்றாவது, பிரேக் சூடு. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவில். மூன்று டன் எடையுள்ள வண்டி இந்த உயரத்தை இறங்கும்போது வெளியாகும் ஆற்றலை முழுவதும் சூடாக்கினால் 160 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒரு பகுதியை என்ஜினும் காற்றும் வாங்கிக்கொள்கின்றன. கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கும் வண்டியில் மிச்சம் எல்லாம் டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் அவற்றை ஒட்டியிருக்கும் ஹப் பேரிங் கிரீஸுக்கும் போகிறது. பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நான்காவது லோடு. அளவுக்கு மீறி ஏற்றுவதற்காகப் பின்னால் கூடுதல் பட்டை சேர்க்கும் வழக்கம் உண்டு. வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின்பக்கம் தூக்கி நிற்கும். லோடு ஏறினால் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கும். இரண்டிலும் கிங் பின் சாய்ந்திருக்கும் கோணம் மாறிப்போகிறது. சைக்கிளின் முன் போர்க்கு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது, கையை விட்டாலும் அது நேராகப் போக உதவுகிறது. பிக்கப்பிலும் அதே ஏற்பாடுதான். கோணம் மாறினால் சக்கரத்தின் குணமும் மாறும்.

நூறு வயதான வியாதி

இந்த உதறல் புதிதல்ல. 1920களில் கார்களுக்கு முன்சக்கர பிரேக்கும் காற்றழுத்தம் குறைந்த அகலமான டயர்களும் வந்தபோது உலகெங்கும் கார்கள் இப்படி ஆடின. அன்றைக்குப் பிரபலமாக இருந்த தோள் குலுக்கும் நடனத்தின் பெயரான ‘ஷிம்மி’ இதற்கும் ஒட்டிக்கொண்டது. 1925இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் புரூயே இதை ஆராய்ந்து எழுதினார். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சென்ற மாரிஸ் ஆலி, ஒரு சக்கரத்தின் அசைவு மறுசக்கரத்தைத் தொடாத தனித்தனி முன் சஸ்பென்ஷனுக்காக உழைத்தார். 1934ஆம் ஆண்டு மாடல் கார்களில் அது வந்தது. சங்கிலியின் நடுக்கண்ணியை அறுத்தது போல, கார்களில் ஷிம்மி பெருமளவு அடங்கியது.

சரக்கு வண்டிகள் மட்டும் நீள அச்சை விடவில்லை. அதற்கு நல்ல காரணமும் உண்டு. விலை குறைவு, பாகங்கள் குறைவு, பாரம் தாங்கும், பள்ளத்தில் விழுந்தாலும் சாதாரண ஒர்க் ஷாப்பிலேயே சரிசெய்துவிடலாம். நீலகிரித் தோட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது. அதன் மூட்டுகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் அதற்கான விலை.

வசதியான நாட்டிலும் இந்த விலையைக் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. 2019இல் அமெரிக்காவில் ஃபோர்டின் பெரிய பிக்கப்களையும் ஜீப் ராங்லரையும் வைத்திருந்தவர்கள், ‘சாவு ஆட்டம்’ என்று தாங்கள் அழைத்த இதே உதறலுக்காக நீதிமன்றம் போனார்கள். ஜீப் தயாரிப்பு நிறுவனம் அந்த ஆண்டே புதிய ஸ்டீயரிங் டேம்பரை மாற்றித் தருவதாக அறிவித்தது.

டேம்பர் என்பது ஸ்டீயரிங் கம்பியோடு படுக்கவாட்டில் பொருத்தப்படும் ஒரு ஷாக் அப்சார்பர். அது உதறலை உறிஞ்சும். நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு அது துணை. கிங் பின் தேய்ந்த வண்டிக்கு அதை மட்டும் மாற்றுவது, காய்ச்சலுக்கான காரணத்தைப் பார்க்காமல் மாத்திரை கொடுத்து வேலைக்கு அனுப்புவது போன்றது. சில மாதம் ஓடும். அந்த மாதங்களில் தேய்மானம் இன்னும் கூடியிருக்கும்.

இரண்டு பேர் செய்யும் சோதனை

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங் வண்டியானால் என்ஜின் ஓடட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறு அளவில் இடமும் வலமுமாக விடாமல் ஆட்ட, இன்னொருவர் முன்பக்கம் படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கையை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கம்பி அசைந்து அடுத்த கம்பி தாமதித்து அசைந்தால், அந்த மூட்டு போய்விட்டது. கண்ணுக்குத் தப்பும் ‘டக்’ விரலுக்குத் தப்பாது. கழுவாத வண்டியாக இருந்தால் இன்னும் வசதி. பிளே விழுந்த இடத்தில் காய்ந்த மண் விரிசல் விட்டு உதிரும்.

பிறகு முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றுவிட்டால் குறை ஹப் பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின்னில். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது அசைந்தால் டை ராட் எண்ட். கடைசியாக யூ போல்ட், பட்டை புஷ், ஷேக்கிள், சேசிஸோடு ஸ்டீயரிங் பாக்ஸைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். இவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் பேலன்ஸிங்குக்கும் அலைன்மெண்டுக்கும் போக வேண்டும். மூட்டுகள் ஆடும் வண்டியில் அலைன்மெண்ட் நிற்காது.

ஓடும்போது ஆட்டம் பிடித்துவிட்டால் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டாமல் இரு கையாலும் உறுதியாகப் பிடிக்க வேண்டும். கட்டைவிரலைக் கம்பிக்குள் கோத்திருந்தால் உதறலில் விரல் முறியலாம், வெளியே வைப்பதே நல்லது. பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் படிப்படியாக வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். நின்றபின் முன்சக்கர நட்டுகளையும் டயரையும் பார்த்துவிட்டு, மெதுவாகப் பக்கத்து ஒர்க் ஷாப்புக்கு ஓட்டிப் போகலாம். ஒரு தரம் வந்து போய்விட்டதே என்று மறுநாள் லோடு ஏற்றுவதுதான் உயிரோடு விளையாடுவது.

சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும் என்பது விதி. அளவு மீறி ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். டிஎன் 43 எண் பலகையோடு மலையில் உழைக்கும் வண்டிக்கு எஃப்.சி.யின் ஆண்டுக் கணக்கு போதாது. ஒரு பருவமழை போதும், நல்ல டை ராட் எண்டையும் தின்றுவிட. தோட்ட நிர்வாகமும் வண்டி முதலாளியும் மாதம் ஒருமுறை இந்தச் சோதனைக்கு நேரமும் கூலியும் ஒதுக்க வேண்டும். ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கும் ஓட்டுநருக்கு அன்றைய டிரிப் போய்விடும் என்ற பயம் இருக்கக் கூடாது. அந்தக் கேபினில் அவரோடு கிளீனரும், சில நாள் விவசாயியும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மழை விட்ட மாலையில் வண்டியைக் கழுவி முடித்ததும் கிரீஸ் கன்னைக் கிங் பின் நிப்பிளில் பொருத்தி அழுத்தினால், முதலில் தண்ணீர் கலந்த பழுப்புக் குழம்பு வரும். பிறகு கறுப்பு. புதுக் கிரீஸின் நிறம் எட்டிப் பார்க்கும் வரை அழுத்த வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து நிமிட வேலை. அதை முடித்துவிட்டு, விடிவதற்குள் கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம்.