நுவரெலியாவில் தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கும்?

தண்ணீரின் கொதிநிலை 100 பாகை செல்சியஸ். எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லும். ஆனால் நுவரெலியாவில் கேத்தலை அடுப்பில் ஏற்றி வெப்பமானியைப் பிடித்துப் பாருங்கள். 94க்குப் பக்கத்திலேயே தண்ணீர் தளதளவென்று கொதித்துவிடும். எவ்வளவு விறகைத் தள்ளினாலும் அதற்கு மேல் ஏறாது.

தேடல்வழிக் கற்பித்தல் என்பது இந்த 6 பாகை வித்தியாசத்தை ஆசிரியர் உடனே விளக்கிவிடாமல் இருப்பதில் தொடங்குகிறது. "வெப்பமானி பழுது சேர்" என்று ஒருவன் சொல்வான். சரி, இன்னொன்றை வைத்துப் பார்க்கட்டும். "அடுப்புச் சூடு பத்தல" என்பாள் ஒருத்தி. அதையும் சோதிக்கட்டும். கொழும்பில் சித்தி வீட்டில் பருப்பு சீக்கிரம் வெந்துவிடுவது யாருக்காவது நினைவு வந்தால் பாதிப் பாடம் முடிந்தது. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம், அங்கே குறைந்த வளிமண்டல அமுக்கம், அதனால் தாழ்ந்த கொதிநிலை என்ற விளக்கத்தை ஆசிரியர் அதன் பிறகு சொன்னால் போதும். ஹட்டனில் எவ்வளவு இருக்கும் என்று பிள்ளைகளே கணிப்பார்கள்.

இது நமக்குப் புதிதல்ல. 1980களில் அமெரிக்காவில் ரொட்ஜர் பைபி குழுவினர் வகுத்த ஐந்து 'ஈ' முறை, 2007 பாடத்திட்டச் சீர்திருத்தத்தோடு தரம் 6, 10 வகுப்புகளில் தொடங்கி இலங்கைப் பாடசாலைகளுக்குள் வந்தது. ஈடுபடுத்தல், ஆராய்தல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்பது அதன் வரிசை; ஆங்கிலத்தில் ஐந்தும் E எழுத்தில் தொடங்கும். அனுபவம் முதலில், கலைச்சொல் பிறகு. பல வகுப்பறைகளில் இது தலைகீழாகிவிட்டது. குழுவாக உட்கார்ந்து, பாடநூலில் உள்ளதை டிமை தாளில் எழுதி, சுவரில் ஒட்டுவதோடு 'ஆராய்தல்' முடிகிறது. சாதாரண தரப் பரீட்சைத் தாள் கேட்பதும் அந்த 100ஐத்தான்.

பிள்ளைகளைச் சும்மா விட்டுவிட்டால் தாமே கண்டுபிடிப்பார்கள் என்பதும் தவறு. வழிகாட்டலே இல்லாத தேடல் பயனளிக்காது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் அழுத்தமாக வாதிட்டார்கள். தோட்டப் பிள்ளைக்கு அது இன்னும் பொருந்தும். வகுப்பில் விட்டதைப் பிடிக்க டியூஷனுக்கு அனுப்ப எல்லா லயத்திலும் வசதி இல்லை.

ஆய்கூடம் இல்லையென்று இந்தப் பாடத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு கேத்தலும் 110 பாகை வரை அளக்கும் வெப்பமானியும் போதும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை மட்டும் போட்டுவிடாதீர்கள். 42 பாகையோடு அதன் அளவு முடிந்துவிடும், கொதிநீரில் உடைந்தும் போகும்.